வெள்ளைப் பொடியும் ஆரஞ்சுத் தோலும்

எனக்குக் குரல் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. நாலு வாக்கியம் பேசினால் தொண்டை கரகரத்து, ஐந்தாவது வாக்கியத்தில் காற்று மட்டும்தான் வரும். நான் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு சொல்லிக் கொடுப்பவள். கத்தியே பிழைத்தவளுக்கு இப்படி ஒரு தண்டனை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "அது இயற்கையானதுதானே, அதிலே எப்படி இப்படி ஆச்சு?" ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லித் தொண்டையைக் கெடுத்துக்கொள்வதைவிட ஒரு தடவை எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

மட்டாஞ்சேரியில் எங்கள் வீடு கால்வாயை ஒட்டிய சந்தில் இருக்கிறது. கீழே கூடம், சமையலறை, ஒரு பின்னறை. மாடியில் படுக்கும் அறைகள். மழையே இல்லாத மாதங்களிலும் எங்களுக்கு வெள்ளம் உண்டு. கடல் ஏறினால் காயல் ஏறும், காயல் ஏறினால் கால்வாய் நிரம்பும், கால்வாய் நிரம்பினால் தண்ணீர் வீட்டுக்குள் வரும். இங்கே இதற்கு வேலியேற்றம் என்று பெயர். கணுக்கால் அளவுக்கு வந்து, சற்று நேரம் இருந்துவிட்டு, அழைக்காமல் வந்த விருந்தாளி மாதிரி தானாகவே கிளம்பிப் போகும். ஆனால் கால்வாயில் என்னென்ன மிதந்ததோ அதில் பாதியை நம் தரையில் விட்டுவிட்டுப் போகும்.

தண்ணீர் இறங்கியதும் எல்லா வீட்டிலும் வழக்கம் ஒன்றுதான். மாநகராட்சி வார்டிலிருந்து கொடுக்கிற ப்ளீச்சிங் பவுடரை ஈரத்தரையில் தூவிவிட வேண்டும். எங்கள் வீட்டில் அது என் கணவர் சுந்தரத்தின் வேலை. பஜார் ரோட்டில் ஒரு மிளகுக் கிடங்கில் கணக்கு எழுதுகிறவர் அவர். கணக்கில் ஒரு பைசா சிந்த மாட்டார், பொடியை மட்டும் மூலைக்கு மூலை குவித்துவிட்டுப் போவார். அந்தப் பொடியை யாரும் ஒரு சாமானாகவே நினைப்பதில்லை. தண்ணீர் வந்தால் பொடி வரும், அவ்வளவுதான். அதன் நெடி மூக்கில் ஏறினால்தான் வீடு சுத்தமாகிறது என்று எங்களுக்கெல்லாம் ஒரு நிம்மதி.

கழுவுவது என் வேலை. அதில் எனக்குக் கொள்கை உண்டு. என் அப்பா ஏலூரில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அங்கே குவார்ட்டர்ஸில்தான் வளர்ந்தேன். காற்று திசை மாறினால் அம்மா ஓடிப்போய் ஜன்னல்களைச் சாத்துவாள். துவைத்துக் காயப்போட்ட பாவாடையில்கூட ஒரு நெடி இருக்கும். கல்யாணமாகி வந்தபோதே தீர்மானித்துவிட்டேன், என் வீட்டுக்குள் கெமிக்கல் நுழையக் கூடாது என்று. கடையில் எச்சரிக்கைக் குறி போட்ட பாட்டில்களைப் பார்த்தால் ஒதுங்கிப் போவேன். சுந்தரம் கேலி செய்வார்: "உமா கடைக்குப் போனா, சாமான் வாங்கறதுக்கு ஒரு பங்கு நேரம், லேபிள் வாசிக்கறதுக்கு மூணு பங்கு."

அப்படிப்பட்ட எனக்கு எதிர்வீட்டு லில்லி சேச்சி கிடைத்தது பெரிய பாக்கியமாகத் தெரிந்தது. அவர் ஆரஞ்சு, எலுமிச்சைத் தோல்களை வெல்லத் தண்ணீரில் மாதக்கணக்கில் ஊறவைத்து, வடிகட்டி, கொஞ்சம் எலுமிச்சைப்புல் தைலம் விட்டுத் தரை கழுவும் திரவம் செய்வார். சந்தில் பாதி வீடுகள் அவரிடம்தான் வாங்கும். பாட்டிலில் ஒரு பச்சை இலைப் படம். கீழே, நூறு சதவீதம் இயற்கை, குழந்தைகளுக்கும் பூனை நாய்க்கும் பாதுகாப்பானது என்று எழுதியிருக்கும். உள்ளே என்னென்ன இருக்கிறது என்று எழுதியிருக்காது. லேபிள் வாசிக்கிற நான் அதைக் கவனிக்கவில்லை. இலையைப் பார்த்ததோடு என் வாசிப்பு முடிந்துவிட்டது.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒரு சனிக்கிழமை தண்ணீர் வந்து இறங்கியது. சுந்தரம் பொடியைத் தூவிவிட்டுக் கிடங்குக்குப் போனார். என் மகள் அம்மு, ஒன்பது வயது, லில்லி சேச்சி வீட்டில் கிறிஸ்துமஸ் பலகாரம் குல்குல் உருட்டப் போயிருந்தாள். நான் கூடத்தைக் கழுவ ஆரம்பித்தேன். கொசுவுக்குப் பயந்து ஜன்னல்களைச் சாத்தியிருந்தேன். அன்றைக்குச் சேறு வழக்கத்தைவிட நாறியது. அதனால் திரவத்தில் தண்ணீர் கலக்காமல், அப்படியே பாட்டிலிலிருந்து ஊற்றினேன். மூலையில் குவிந்திருந்த வெள்ளைப் பொடி கூழாகிக் கிடந்தது. அதன் மேலேயே ஊற்றி, உட்கார்ந்து பிரஷ்ஷால் தேய்த்தேன்.

கண் எரிந்தது. தொண்டையில் மிளகாய் வறுத்தது போல ஒரு காரம். பொடிதான் இன்று அதிகம், இந்த மனுஷனுக்கு எத்தனை தடவை சொல்வது என்று திட்டிக்கொண்டே, பொடியின் நெடி அடங்கட்டும் என்று ஆரஞ்சுத் திரவத்தை இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். நெடி கூடியது. இன்னும் ஊற்றினேன். கெட்டதை நல்லது அமுக்கிவிடும் என்று அத்தனை நிச்சயமாக நம்பியிருந்தேன். கடைசியில் இருமல் பிடித்துக்கொண்டு பின்வாசலுக்கு ஓடினேன். பின்னறையைக் கழுவவில்லை, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

வெளிக்காற்றில் கொஞ்ச நேரம் நின்றதும் சரியாகிவிட்டது. சாயங்காலம் சாயா குடித்தேன், தோசைக்கு அரைத்தேன். இருமல் மட்டும் விட்டு விட்டு வந்தது. மறுநாள் காலையில் மாடிப்படி இறங்கியபோது பாதியில் உட்கார்ந்துவிட்டேன். மூச்சு உள்ளே போகவில்லை. போனது வெளியே வரும்போது விசில் அடித்தது. அம்மு பயந்துபோய் அப்பாவைக் கூப்பிட்டாள். சுந்தரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆட்டோவுக்கு ஓடினார். எதையும் இரண்டு தடவை கூட்டிப் பார்க்கிறவர் செருப்புப் போடாமல் ஓடினார். அப்போதுதான் எனக்கு முதல் பயம் வந்தது.

ஆஸ்பத்திரியில் விரல் நுனியில் ஒரு கிளிப்பை மாட்டினார்கள். ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு இருக்கிறது என்று அது காட்டும். காட்டிய எண்ணைப் பார்த்த சிஸ்டர் சக்கர நாற்காலியை ஒதுக்கிவிட்டு ஸ்ட்ரெச்சரைக் கொண்டுவரச் சொன்னார். மூக்கையும் வாயையும் மூடி ஒரு மாஸ்க். அதில் புகை மாதிரி மருந்து வரும், சுருங்கிப்போன மூச்சுக்குழாய்களை விரிக்க. பிறகு மணிக்கட்டில் ஆழமாக ஒரு ஊசி. வழக்கமாக ரத்தம் எடுக்கும் நரம்பில்லை, அதற்கும் கீழே ஓடும் தமனியில். நுரையீரல் எவ்வளவு வேலை செய்கிறது என்று அதில் தெரியுமாம். பிரசவ வலியைக்கூட மறந்துவிட்டேன், அந்த ஊசியை மறக்க முடியவில்லை. எக்ஸ்ரேயில் என் நுரையீரலின் கீழ்ப்பாதியில் பஞ்சு ஒட்டினது போல வெள்ளையாகத் தெரிந்தது. நீர் கோத்திருக்கிறது என்றார்கள்.

எதனால் என்று மட்டும் தெரியவில்லை. வெள்ளத் தண்ணீரில் கால் வைத்தவள் என்பதால் முதலில் எலிப்பனி என்று சந்தேகப்பட்டார்கள். எலியின் மூத்திரம் கலந்த தண்ணீரால் வரும் காய்ச்சல் அது, எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரிந்த பயம். "வீட்ல ஆசிட் ஏதாவது உபயோகிச்சீங்களா?" என்று காஷுவாலிட்டியில் ஓர் இளம் டாக்டர் கேட்டார். எனக்குப் பதிலாகச் சுந்தரம் பெருமையாகவே சொன்னார்: "இல்லை டாக்டர். இவள் அதையெல்லாம் வீட்டுக்குள்ள விட மாட்டாள். எல்லாம் நேச்சுரல்." நானும் மாஸ்க்குக்குள்ளிருந்து தலையை ஆட்டினேன். டாக்டர் அதைக் குறித்துக்கொண்டார்.

பெண்கள் வார்டில் ஜன்னல் பக்கக் கட்டில் கிடைத்தது. பக்கத்துக் கட்டிலில் ஒரு வயதான அம்மாள், ஆஸ்துமா. அவருக்குத் துணையாக மருமகள் சாபிரா இத்தா, தோப்பும்படிக்காரர், கணவருக்கு ஹார்பரில் மீன் வியாபாரம். என் குரல் அதற்குள் சுத்தமாகப் போய்விட்டிருந்தது. உதட்டை அசைத்தால் காற்று வரும். சாபிரா இத்தா ஒரே நாளில் அந்த உதட்டசைவைப் படிக்கக் கற்றுக்கொண்டார். "தண்ணி வேணும்னு சொல்றா", "காலை மூடச் சொல்றா" என்று சிஸ்டரிடம் எனக்காகப் பேசுவார். சில சமயம் நான் சொல்லாததையும் சேர்த்துச் சொல்வார்.

படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தேதான் கிடந்தேன். கண்ணயர்ந்தால் மூச்சு நின்றுவிடும் என்று ஒரு பயம். உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே என்று நானே மூச்சை மேய்த்துக்கொண்டிருந்தேன். நான் செத்துப்போனால் அம்முவுக்குத் தலை பின்னிவிட யார் இருக்கிறார்கள் என்று யோசித்தேன். எனக்கு வந்த யோசனை அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் சுந்தரம் வந்தார். இட்லியும், என் கம்பளியும், கூடவே லில்லி சேச்சியின் பாட்டில் ஒன்றும் கொண்டுவந்திருந்தார். கட்டிலுக்குப் பக்கத்துச் சின்ன அலமாரி பிசுபிசுவென்று இருக்கிறது என்று நான் முந்தின நாள் முகத்தைச் சுளித்ததைக் கவனித்திருக்கிறார். துணியில் இரண்டு சொட்டு விட்டு, அதை முழுக்கத் துடைத்தார். வார்டு முழுக்க ஆரஞ்சு வாசனை. சாபிரா இத்தா மூச்சை இழுத்து, "நல்ல மணம்" என்றார்.

"உமா, கேட்டயா," என்று சுந்தரம் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னிக்கு விடிகாலம் மறுபடியும் தண்ணி வந்துடுத்து. பொடி போட்டிருக்கேன். கூடம், பின்னறை எல்லாத்தையும் நானும் அம்முவுமா அலம்பி வெச்சுடறோம். நீ வர்றச்சே வீடு பளிச்சுன்னு இருக்கணும். நீ ஒண்ணுக்கும் பேடிக்காதே, பயப்பட ஒண்ணுமில்லை."

நான் தலையசைத்தேன். இப்படி ஒரு மனுஷன் கிடைத்தானே என்று கண்ணில் தண்ணீர்கூட வந்தது. பாட்டிலை அலமாரி மேல் வைத்துவிட்டு அவர் போனார். வீட்டில் இன்னொன்று இருக்கிறது என்றார்.

அவர் போய்ச் சற்று நேரத்தில் பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். நடுத்தர வயது அம்மாள். மலையாளத்தில்தான் பேசினார். என் நினைவில் அது ஏனோ தமிழாகவே தங்கியிருக்கிறது. எலிப்பனி இல்லை என்று ரிசல்ட் வந்துவிட்டதாம். ஜுரமும் இல்லை. அவர் என் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார், கண் இமையை இழுத்துப் பார்த்தார்.

"தொண்டை, கண்ணு ரெண்டும் வெந்த மாதிரி இருக்கு," என்றார். "ஏதோ வாயு உள்ளே போயிருக்கு. சனிக்கிழமை என்ன செஞ்சீங்க? காலையிலேருந்து சொல்லுங்க."

நான் உதட்டை அசைக்க, சாபிரா இத்தா சொல்லிக்கொண்டே வந்தார். தண்ணீர் வந்தது, இறங்கியது, தரை கழுவினேன்.

"எதால கழுவினீங்க?"

அலமாரியைக் காட்டினேன். அவர் பாட்டிலை எடுத்து, இலையைப் பார்த்து, மூடியைத் திறந்து முகர்ந்தார். "ஆரஞ்சுக்குக் கீழே புளிச்ச வாடை இருக்கே. தரையில வேற ஏதாவது இருந்ததா?"

இல்லை என்று தலையாட்டினேன். உண்மையாகவே எனக்கு ஞாபகம் வரவில்லை. சாபிரா இத்தாதான் சாதாரணமாகச் சொன்னார்: "வேலியேற்றம்னா பொடி போட்டிருப்பாங்களே டாக்டர். எங்க வீட்லயும் போடுவோம்."

டாக்டர் பாட்டிலை மூடிக் கீழே வைத்தார். "ப்ளீச்சிங் பவுடர் மேல இதை ஊத்தினீங்களா?"

ஆமாம் என்று தலையசைத்தேன்.

அவர் எளிமையாகத்தான் விளக்கினார். ப்ளீச்சிங் பவுடருக்குள் குளோரின் கட்டுண்டு கிடக்கிறது. புளிப்பான எது பட்டாலும், அது எலுமிச்சையோ, வினிகரோ, கடை ஆசிட்டோ, கட்டு அவிழ்ந்து குளோரின் வாயு கிளம்பும். அந்த வாயு தொண்டையிலும் நுரையீரலிலும் இருக்கிற ஈரத்தில் கரைந்து அங்கேயே அமிலமாகிவிடும். "அன்னைக்கே தெரியாது. சில பேருக்கு மறுநாள்தான் நுரையீரல்ல நீர் கோக்கும். உங்களுக்கு நடந்தது அதுதான்."

அவர் பேசி முடிப்பதற்குள் சுந்தரம் காலையில் சொல்லிவிட்டுப் போனது ஞாபகம் வந்தது. கூடம், பின்னறை எல்லாவற்றையும் நானும் அம்முவுமாக. பொடி போட்டிருக்கேன். வீட்டில் இன்னொரு பாட்டில் இருக்கு.

போனை எடுத்துச் சுந்தரத்தைக் கூப்பிட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. அவர் தரை கழுவினால் போன் நனையும் என்று மாடியில் வைத்துவிடுவார், எனக்குத் தெரியும். இன்னொரு தடவை அடித்தேன். எடுக்கவில்லை. மாஸ்க்கைப் பிடுங்கிக் கட்டிலிலிருந்து காலைக் கீழே போட்டேன். சிஸ்டர் ஓடிவந்து என்னைப் பிடித்து மறுபடி சாய்த்தார். கத்தினேன். வாய் திறந்திருந்தது, சத்தம் இல்லை. அம்மு வாசற்படியில் நின்று வேடிக்கை பார்க்கிற குழந்தை இல்லை. அப்பா எங்கே குனிகிறாரோ அங்கேயே முகத்தை வைத்துக் குனிகிறவள்.

சாபிரா இத்தா என் கையிலிருந்து போனை வாங்கினார். "ஆரைக் கூப்பிடணும்? வீட்டுக்கு அடுத்தாப்ல ஆரு?" லில்லி, எதிர் வீடு, பாட்டில் செய்கிறவர் என்று உதட்டை அசைத்தேன். அவர் பெயரைத் தேடி எடுத்து அடித்தார்.

"ஹலோ, லில்லியா? ஞான் உமாவோட பக்கத்துக் கட்டில்காரி. மோளே, நீ இப்பவே ஓடு. எதிர் வீட்ல ஆரும் தரை கழுவக் கூடாது. உன் ஆரஞ்சுத் தண்ணியும் பொடியும் சேர்ந்தா விஷக் காத்து. கொச்சுக் குழந்தை உள்ளே இருக்கு. ஓடு, பிறகு பேசலாம்."

போனை வைத்துவிட்டு என் முதுகைத் தடவிக்கொண்டே நின்றார். டாக்டரும் போகவில்லை. விரல் கிளிப் மாட்டிய கருவி பீப் பீப் என்று அடித்துக்கொண்டிருந்தது. சிஸ்டர் அதன் சத்தத்தைக் குறைத்தார். போன் வரவில்லை. அந்த நேரம் எவ்வளவு என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

அங்கே நடந்தது லில்லி சேச்சி பிறகு சொல்லித்தான் தெரியும். வாசல் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. ஜன்னல்களெல்லாம் கொசுவுக்காகச் சாத்தியிருந்தன. உள்ளே இருமல் சத்தம். சேச்சி பக்கத்துச் சந்து வழியாகப் பின்பக்கம் ஓடிக் கதவை உதைத்திருக்கிறார். சுந்தரம் கண்ணீர் வழிய வந்து திறந்தார். பின்னறை வாசலில் அம்மு உட்கார்ந்து, பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். பொடி நெடி தாங்கவில்லை, ஆரஞ்சை இன்னும் கொஞ்சம் ஊற்று என்று அப்பா சொல்லியிருக்கிறார். நான் செய்த அதே காரியம். என்னைக் கேட்காமலே, என்னைப் போலவே. சேச்சி அம்முவை இடுப்பில் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டார். ஒன்பது வயதுக் குழந்தையை எப்படித் தூக்கினேன் என்று அவருக்கே தெரியவில்லையாம்.

மூன்று பேரும் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். அம்முவைக் குழந்தைகள் வார்டில் சேர்த்தார்கள், எனக்குக் கீழ்த்தளத்தில். சுந்தரத்துக்கு மருந்துப் புகை கொடுத்துவிட்டு உட்காரச் சொன்னார்கள். அவர் உட்காரவில்லை. மாடிக்கும் கீழுக்கும் இருமிக்கொண்டே நடந்தார்.

டாக்டர் அம்முவைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "எக்ஸ்ரே நல்லா இருக்கு. மூச்சும் பரவாயில்லை." நான் கும்பிட்டேன். அவர் என் கும்பிட்ட கையை மெல்லப் பிரித்தார். "ஆனா இன்னிக்கு நல்லா இருக்குங்கறதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது உமா. உங்களுக்கும் சனிக்கிழமை சாயங்காலம் நல்லாத்தானே இருந்தது? நாளைக்கு மறுபடி எக்ஸ்ரே எடுத்த பிறகுதான் சொல்வேன்."

எனக்கு வந்த நோயைவிட அந்த ஒரு நாள்தான் பெரிய நோய். கருவியோடு கட்டிப் போட்டவளால் கீழே போக முடியாது. சாபிரா இத்தா போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வார்: கஞ்சி குடித்தாள், சிஸ்டரிடம் சண்டை போட்டாள், மாஸ்க் பெரிதாக இருக்கிறது என்று புகார் சொன்னாள். சண்டை போட்டாள் என்றபோது எனக்கு உயிர் வந்தது. பிறகு, இத்தா என்னைத் தேற்றுவதற்காக இட்டுக்கட்டிச் சொல்கிறாரோ என்று சந்தேகம் வந்தது. அவர் சொல்லாததைச் சேர்த்துச் சொல்கிறவர்தானே.

சுந்தரம் அம்முவின் குரலைப் போனில் பதிவு செய்து அனுப்பினார். "அம்மா, ஞான் மாஸ்க் போட்டுண்டிருக்கேன். யானை மாதிரி இருக்கு. அப்பா அழறா. நீ அழாதே." அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். அவள் என்ன சொன்னாள் என்பது எனக்கு முக்கியமாக இல்லை. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் விசில் சத்தம் வருகிறதா என்று கேட்டேன். ஒரு தடவை வருவது போல இருந்தது, அடுத்த தடவை இல்லை. காதோடு போனை அழுத்தி அழுத்திக் காதே வலித்தது.

அன்று சாயங்காலம் லில்லி சேச்சி வார்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. எனக்கு அவர் மேல் கோபம் பொங்கியது. மறைக்க விரும்பவில்லை, அந்த நிமிஷத்தில் அவர் முகத்தில் விழிக்கவே பிடிக்கவில்லை. பிறகு என் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிய கை அதுதான் என்று ஞாபகம் வந்தது. வாருங்கள் என்று கையசைத்தேன்.

"வெறும் ஆரஞ்சில அழுக்கு போகலைன்னு ரெண்டு பேர் சொன்னாங்க உமா. அதனால வினிகர் சேர்க்க ஆரம்பிச்சேன். அதுவும் திங்கற சாமான்தானேன்னு நினைச்சேன்." முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "என் கையால விஷம் வித்திருக்கேன்."

சாபிரா இத்தாவைப் பார்த்து உதட்டை அசைத்தேன். அவர் சொன்னார்: "அது தனியா இருந்தா விஷம் இல்லை, பொடியும் தனியா இருந்தா மருந்துதான், அழாதே சேச்சின்னு சொல்றா." அழாதே என்று நான் சொல்லவில்லை. அது இத்தாவின் சொந்தச் சரக்கு. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

சேச்சி வராந்தாவுக்குப் போய், வாங்கினவர்களை ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட ஆரம்பித்தார். ஒரே வாக்கியம்தான். பொடி போட்ட இடத்தில் என் பாட்டிலை ஊற்றாதீங்க, ஊற்றியிருந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே போங்க. சிலர் அது இயற்கைதானே என்று மறுபக்கத்தில் வாதாடியிருக்க வேண்டும். "இயற்கைதான், ஆனா ஊத்தாதீங்க" என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்வது எனக்குக் கேட்டது. அடுத்த வேலியேற்றம் விடிகாலையில். அதற்கு முன்னால் எல்லாரிடமும் சொல்லி முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் அந்தக் குரலில் இருந்தது.

மறுநாள் அம்முவுக்கு இரண்டாவது எக்ஸ்ரே எடுத்தார்கள். அது வரும்வரை சுந்தரம் என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். முந்தின நாளிலிருந்தே அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை.

"நீ சௌக்யமா வர்றச்சே வீடு சுத்தமா இருக்கணும்னுதான் உமா..." என்று ஆரம்பித்தார். நான் அவர் விரலைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் இரண்டு பேர் இருமலும் மாறி மாறிக் கேட்டது.

டாக்டர் கதவருகில் வரும்போதே சிரித்தார். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். இரண்டு பக்கமும் கறுப்பாக, காற்று நிறைந்து இருந்தது. எக்ஸ்ரேயில் கறுப்புதான் நல்ல நிறம் என்று அந்த வாரத்தில் கற்றுக்கொண்டிருந்தேன். சுந்தரம் என் கம்பளியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். அம்மு சக்கர நாற்காலியில் மேலே வந்தாள். நடக்க முடியும் என்றாலும் நாற்காலிதான் வேண்டும் என்று அடம் பிடித்திருக்கிறாள். என் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டாள். அவள் முதுகில் காதை வைத்துக் கேட்டேன். கேட்டுக்கொண்டே தூங்கிப்போனேன்.

எனக்கு இன்னும் சில நாள் ஆனது. ஊசிகள், மருந்துப் புகை, மூச்சை இழுத்துச் சின்னப் பந்துகளை மேலே ஏற்றும் ஒரு பிளாஸ்டிக் கருவி. பில்லைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை, அதை நினைத்தால் மறுபடியும் மூச்சு வாங்குகிறது. வீட்டுக்குக் கிளம்பும் நாளில் டாக்டரிடம் கேட்டேன், குரல் அப்போது பாதி வந்திருந்தது: "அப்போ இயற்கைன்னு விக்கறதெல்லாம் பொய்யா?"

"பொய் இல்லை," என்றார். "ஆனா அந்த வார்த்தை எதுவும் சொல்றதும் இல்லை. உள்ளே என்ன இருக்கு, எதோட சேர்க்கக் கூடாது, எவ்வளவு தண்ணி கலக்கணும், அதைக் கேளுங்க. இலை படத்தைக் கேட்டு என்ன பிரயோஜனம்?"

என்னைப் பார்க்க வருகிறவர்களுக்கு நானும் இதைத்தான் சொல்கிறேன். எச்சரிக்கைக் குறி போட்ட பாட்டில் என் வீட்டில் இருந்திருந்தால் ஜன்னலைத் திறந்து வைத்திருப்பேன், தண்ணீர் கலந்திருப்பேன், குழந்தை கிட்டே வந்தால் விரட்டியிருப்பேன். இலை போட்ட பாட்டிலை அவள் கையிலேயே கொடுக்கிற வீடாக என் வீட்டை நானேதான் பழக்கியிருந்தேன். இப்போது வேலியேற்றத்துக்குப் பிறகு பொடி, அப்புறம் வெறும் தண்ணீர். வேறு எதுவும் கிடையாது. லில்லி சேச்சி விற்பதை நிறுத்தவில்லை. வினிகரை நிறுத்திவிட்டார், புளிப்பு தோலிலேயே இருக்கிறது, அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. இலையை எடுத்துவிட்டு அந்த இடத்தில், ப்ளீச்சிங் பவுடரோடு சேர்க்காதீர்கள் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார். வியாபாரம் குறைந்துவிட்டது என்று கேள்வி.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்தபின் சுந்தரம் ஒரு பை ஆரஞ்சு வாங்கி வந்தார். அம்முவுக்கு ஆரஞ்சு என்றால் உயிர். உரிக்கிறவர் கையிலிருந்தே பிடுங்கித் தின்கிறவள். நான் நகத்தால் தோலைக் கீறினேன். அந்த வாசனை எழுந்ததும் அம்மு பேச்சை நிறுத்தினாள். கன்னத்தை உப்பி மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுந்துபோய், கூடத்து ஜன்னலைத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அதற்குப் பிறகுதான் மூச்சை விட்டாள். பிறகு ஒரு சுளைக்குக் கையை நீட்டினாள்.

இது வெறும் ஆரஞ்சுதான் கண்ணே, ஒன்றும் செய்யாது என்று சொல்ல வாயெடுத்தேன். ஒன்றும் செய்யாது என்று இதற்கு முன்னாலும் நான்தானே சொல்லியிருந்தேன். எழுந்துபோய் அடுத்த ஜன்னலையும் திறந்து வைத்தேன்.